பழைய கணினிகள் உண்மையிலேயே மேலானவையா?

திருகோணமலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் நீங்களும் உங்கள் சக ஆசிரியரும், பாடசாலைக் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தபோது தொடங்கிய வாதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய கொமடோர் 64, ஐபிஎம் வகையைச் சேர்ந்த, 386 என்ற செயலியில் (கணினியின் மூளையான சில்லில்) இயங்கும் கணினிகள் இரண்டு, பென்டியம் 4 கணினிகள் சில, ஒரு பெட்டி நிறைய ஐந்தேகால் அங்குலப் புளொப்பிகளும் மூன்றரை அங்குலப் புளொப்பிகளும் அந்த அறையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பழைய கணினிகள் இன்றையவற்றைவிட உறுதியானவை, விசையை அழுத்தியதும் பதில் தருபவை, ஒரு மாணவர் முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடியவை என்பது உங்கள் கட்சி. பழம்பொருள் ஆசையைத் தவிர அவற்றில் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கழித்துவிடலாம் என்பது அவருடைய கட்சி. இந்த ஊரிலேயே நீண்ட காலம் கணினி திருத்தியும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுதி என்ற வாதத்தில் நீங்கள் பெரும்பாலும் தோற்கிறீர்கள். புரிந்துகொள்ளுதல் என்ற வாதத்தில் முழுமையாக வெல்கிறீர்கள். தமிழ் என்ற விடயத்தை நீங்கள் இருவருமே எடுக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அந்தப் பொறிகளின் மிகப் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது.

வாதம் முடியாமல் நீள்வதற்கு ஒரு காரணம், பழைய கணினி என்று ஒரே பெயரில் நீங்கள் அழைப்பவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதாகும். 1977 இல் அப்பிள் டூ, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகியவை வெளிவந்தன. 1981 இன் முடிவில் பிபிசி மைக்ரோவும், 1982 இல் சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64 உம் வந்தன. இவை எட்டு பிட் செயலியில் இயங்கிய வீட்டுக் கணினிகள். 1981 ஆகஸ்ட் 12 ஆம் திகதி அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 5150 அலுவலகத்துக்கென்று செய்யப்பட்டது. 1984 இல் வந்த மக்கின்டொஷும் 1985 இல் வந்த அமிகாவும் அட்டாரி எஸ்டியும் மோட்டரோலா 68000 செயலியைக் கொண்டு வரைகலைத் திரைக்கு மாறின. உங்களிடமுள்ள பென்டியம் 4 இவை எல்லாவற்றுக்கும் பிந்திய, முற்றிலும் வேறான காலத்தது. நீங்கள் கொமடோரை மனதில் வைத்துப் புகழ, அவர் விண்டோஸ் 98 ஐ மனதில் வைத்து இகழ்ந்தால், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும், முடிவு மட்டும் கிடைக்காது.

உறுதி பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 1980களின் ஐபிஎம் பெட்டியின் தகட்டுக் கனத்தையும், 1985 முதல் விற்பனையான மொடல் எம் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே இருந்து மடிந்து நிமிரும் சுருள்வில்லையும் பார்த்தவர்கள், அந்தக் காலத்துப் பொருள்கள் எல்லாமே அப்படித்தான் செய்யப்பட்டன என்று எண்ணுவது இயல்பு. அந்த விசைப்பலகையைப் பற்றிய புகழ்ச்சியில் மிகை இல்லை. இன்று கடையில் வாங்கும் சாதாரண விசைப்பலகை எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் நாற்பது ஆண்டுகள் தாண்டி எங்கள் கைக்கு வந்து சேர்வது பிழைத்த பொறி மட்டுமே. பிழைக்காதவை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன, அவற்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

கொமடோர் 64 ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் வந்த மின்வழங்கி, உள்ளே பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட ஒரு கட்டி. வெப்பம் வெளியேற வழியில்லை, திறந்து திருத்தவும் முடியாது. அதிலுள்ள 5 வோல்ட் சீராக்கி பழுதடையும்போது மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுவது வழக்கம், கூடிய மின்னழுத்தம் நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். நல்ல நிலையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பொறியை அதன் சொந்த மின்வழங்கியே கொன்றுவிடுகிறது. ஸ்பெக்ட்ரமின் ரப்பர் விசைகளுக்கு அடியிலுள்ள மென்படலம் காய்ந்து வெடிக்கிறது. 1980 இல் விசிறியே இல்லாமல் வெளிவந்த அப்பிள் த்ரீ, வெப்பத்தால் சில்லுகள் தாங்கியிலிருந்து நெகிழ்ந்து பெயர் கெட்டது. பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியிலுள்ள காகித மின்தேக்கிகள் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி, மின் கொடுத்ததும் வெடித்துப் புகை கக்குகின்றன. அக்காலத்து எல்லாப் பொறிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உறுதியான பொறியும் மட்டமான பொறியும் அன்றும் சேர்ந்தே விற்கப்பட்டன.

திருகோணமலையில் இதற்கு மேல் கடலும் சேர்ந்துகொள்கிறது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊரில், திறந்த சாளரத்தருகே வைத்த எந்த மின்னணுப் பொருளிலும் உப்பு படியும். அக்கால அட்டைகளின் விளிம்புத் தொடுகைகளும் சில்லுத் தாங்கிகளும் மெல்லக் கறுத்துத் தொடர்பிழக்கும். வாடைக்காற்றோடு மழை இறங்கும் மாதங்களில் மூடிய அறையின் ஈரம் புளொப்பித் தட்டின் மேற்பரப்பில் பூஞ்சணத்தை வளர்க்கும். கச்சான் வீசும் மாதங்களின் வெப்பம் மின்தேக்கிகளை உலர்த்தும். ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது 386, 486 தாய்ப்பலகைகளில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய உருளைவடிவ நிக்கல் கட்மியம் பற்றரி. கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் மணிக்கூட்டை ஓடவைப்பதற்காக வைத்த அந்தப் பற்றரி, ஆண்டுகள் கழிந்ததும் காரத் திரவத்தைக் கசியவிட்டு, சுற்றியுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். இங்கே நான் திறந்து பார்த்த அவ்வகைத் தாய்ப்பலகைகளில் பச்சை பூக்காமல் இருந்தவை மிகச் சில. உங்களுடைய இரண்டு 386 களும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

பென்டியம் 4 களின் நிலை இதைவிட மோசம். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உற்பத்தியான தாய்ப்பலகைகள் பலவற்றில் தரங்கெட்ட மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் இருந்தன. அவற்றின் தலைப்பகுதி உப்பிப் பழுப்பு நிறத் திரவம் கசிந்திருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். 2004 இல் வந்த பென்டியம் 4 செயலிகளில் சில, செயலி மட்டுமே 100 வாட்டுக்கு மேல் மின்னை உறிஞ்சின. ஒரு கொமடோர் 64 முழுவதுமே அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்பதில்லை. பழமையின் அழகும் இல்லாமல், புதுமையின் பயனும் இல்லாமல், மின்கட்டணத்தை மட்டும் உயர்த்தும் பொறிகள் அவை. கழித்துவிடலாம் என்று உங்கள் சக ஆசிரியர் சொல்வது இவற்றுக்கு நியாயமாகப் பொருந்துகிறது.

இருந்தாலும் உறுதி என்று நீங்கள் உணர்ந்த ஒன்றில் உண்மையும் உண்டு. அதைத் திருத்தக்கூடிய தன்மை என்று அழைத்தால் சரியாக இருக்கும். எட்டு பிட் கணினிகளின் சில்லுகளுக்கு ஒவ்வொரு காலுக்கும் இடையே 2.54 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு; சாதாரணப் பற்றாசு வைக்கும் கோலும் பொறுமையும் உள்ள எவரும் அவற்றைக் கழற்றி மாற்றலாம். பல சில்லுகள் தாங்கியில் செருகப்பட்டவை, ஆகையால் பற்றாசுகூடத் தேவையில்லை. ஈயம் கலந்த பற்றாசை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் கட்டுப்படுத்தும்வரை பயன்படுத்திய அந்த இணைப்புகள், பின்னர் வந்த ஈயமற்ற இணைப்புகளின் முதற்காலத்துச் சிக்கல்கள் இல்லாதவை. அப்பிள் டூவின் கையேட்டில் சுற்றுவரைபடமே அச்சிடப்பட்டிருந்தது. மேல்மூடியைக் கையாலேயே தூக்கலாம். நினைவகத்தையும் சேமிப்பையும் பலகையோடு பற்றாசு வைத்து, பற்றரியைப் பசையால் ஒட்டி விற்கப்படும் இன்றைய மடிக்கணினிகளைத் திருத்தும் மேசையில் நாள்தோறும் பார்ப்பவனுக்கு இந்த வேறுபாடு மனவருத்தம் தருவது. பழைய பொறி அடிக்கடி பழுதடையும். ஆனால் பழுதடைந்த பின்பும் அது உங்களுடையதாகவே இருக்கும்.

இனி உங்கள் வாதத்தின் பலமான பகுதிக்கு வருகிறேன். கொமடோர் 64 இன் மின்பொத்தானைத் தட்டிய சில நொடிகளில் நீலத் திரையில் 38911 பைட்டுகள் பேசிக் என்ற நிரலாக்க மொழிக்குக் காலியாக இருப்பதாக ஒரு வரி தோன்றும், அதன் கீழே துடிக்கும் ஒரு சதுரம் நிற்கும். கணினி வேறெதையும் சொல்லாது. நீங்கள் ஒரு கட்டளை எழுதும்வரை காத்திருக்கும். 53280 என்ற நினைவக முகவரியில், நினைவகத்தில் நேரடியாக எண்ணை எழுதும் போக் கட்டளையால் பூச்சியத்தை இட்டால் திரையின் ஓரம் கறுப்பாகும். இடையில் எந்தச் செயற்பாட்டு முறைமையும் அனுமதி கேட்பதில்லை, எந்த இயக்கி மென்பொருளும் குறுக்கிடுவதில்லை. நினைவகத்திலுள்ள ஓர் எண்ணுக்கும் திரையிலுள்ள ஒரு நிறத்துக்கும் இடையே நேரடித் தொடர்பு இருப்பதை ஒரு பதின்மூன்று வயது மாணவி தன் கண்ணால் காண்கிறாள். கணினி என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

இது சாத்தியமானதற்குக் காரணம் அளவு. கொமடோரின் செயலி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்த 6502 இல் ஏறத்தாழ 3,500 திரான்சிஸ்டர்களும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண் ஆளிகளும்) 56 கட்டளைகளும்தான் இருந்தன. அதன் சில்லைப் படம்பிடித்து, ஒவ்வொரு திரான்சிஸ்டரையும் அடையாளங்கண்டு, முழுச் செயலியையும் திரையில் இயங்கிக் காட்டும் மாதிரியைப் பிற்காலத்தில் ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். ஐபிஎம் 5150 இன் 8088 இல் 29,000, 386 இல் 275,000, 1993 இல் வந்த பென்டியத்தில் 31 இலட்சம் என்று இந்த எண்ணிக்கை ஏறி, 2020 இல் அப்பிளின் எம்1 இல் 1,600 கோடியைத் தொட்டது. எம்1 ஐ வடிவமைத்தவர்களில் எவரும் அதை முழுவதுமாகத் தன் தலைக்குள் வைத்திருக்க முடியாது. 6502 ஐ ஓர் உயர்தர வகுப்பு மாணவர் ஒரு தவணைக்குள் வைத்துக்கொள்ளலாம். உட்துறைமுகத்திலிருந்து வள்ளம் விடும் தொழிலாளி தன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்திருப்பதால் நடுக்கடலில் அச்சமின்றி இருப்பதைப் போல, தான் பயன்படுத்தும் பொறியை அடிவரை அறிந்த ஒருவருக்கு வரும் துணிவு வேறெந்தப் பாடத்திட்டத்தாலும் வருவதில்லை.

இது வெறும் உணர்ச்சி அல்ல என்பதற்குப் பிபிசி மைக்ரோவின் வரலாறு சான்று. கேம்பிரிட்ஜிலுள்ள ஏகோர்ன் நிறுவனம் செய்த அந்தக் கணினி பிரித்தானியப் பாடசாலைகளுக்குப் பரவலாகச் சென்றது. சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக் மொழியில், பெயரிட்ட செயல்முறைகளை வகுத்து எழுதவும், அதே நிரலுக்குள் செயலியின் சொந்தக் கட்டளைகளைக் கலந்து எழுதவும் வசதி இருந்தது. 6502 இன் எளிமையை நன்கறிந்த அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் பின்னர் வடிவமைத்த ஏஆர்எம் செயலி 1985 இல் இயங்கத் தொடங்கியது. உங்கள் மாணவர்களின் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் கணினி விஞ்ஞானம் கற்க விண்ணப்பித்த மாணவர்கள், வீட்டுக் கணினிகளோடு வளர்ந்த முந்திய தலைமுறையைப் போல நிரலாக்கம் தெரியாதவர்களாக வந்ததைக் கண்டு கவலைப்பட்டவர்கள்தான் 2012 இல் ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினியை வெளியிட்டார்கள். பழைய கணினிகளில் இருந்த எது இழக்கப்பட்டது என்பதை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பதில் தரும் வேகம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1983 இன் அப்பிள் டூ இ யில் விசையை அழுத்தியது முதல் எழுத்து தோன்றும்வரை ஆகும் நேரம் இன்றைய பல கணினிகளைவிடக் குறைவு. இன்று அந்த விசையழுத்தம் யுஎஸ்பி, செயற்பாட்டு முறைமை, சாளர மேலாண்மை, திரையின் சொந்தச் செயலி என்று பல கைகள் மாறித்தான் வந்து சேர்கிறது. ஆனால் தட்டச்சுக்கு வெளியே வந்தால் நிலைமை தலைகீழ். ஸ்பெக்ட்ரமின் 48 கிலோபைட்டை ஒலிநாடாவிலிருந்து நிரப்ப ஐந்து நிமிடமளவு ஆகும், நாடாக் கருவியின் ஒலியளவு சற்றுப் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. கொமடோரின் 1541 தட்டு இயக்கி நொடிக்கு ஏறத்தாழ 400 பைட்டுகளையே தந்தது. 128 கிலோபைட் நினைவகமும் ஒரே தட்டு இயக்கியும் கொண்ட முதல் மக்கின்டொஷில் ஒரு தட்டைப் பிரதி செய்ய மாறிமாறித் தட்டுகளைச் செருகி எடுக்க வேண்டியிருந்தது.

உங்கள் சக ஆசிரியரின் பக்கத்திலுள்ள வலுவான வாதம் வேறொன்று, அதை அவர் சொல்லவில்லை. மாணவர் எந்த முகவரியிலும் எந்த எண்ணையும் எழுதலாம் என்ற அதே திறந்த தன்மையால், தவறான நிரல் எதுவும் எதையும் அழிக்கலாம். 8088 செயலியில் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்றிடமிருந்து காக்கும் வழி இல்லை. அதன் வழிவந்த 286 லும் 386 லும் அதற்கான வழி இருந்தும், அக்காலச் செயற்பாட்டு முறைமையான டொஸ் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரே நேரத்தில் பல நிரல்களை முறையாக ஓட்டுவதில் 1985 இலேயே மற்றவற்றை முந்திய அமிகாவிலும் இந்தப் பாதுகாப்பு இல்லாததால், ஒரு நிரல் விழுந்தால் முழுப் பொறியும் விழுந்தது. மக்கின்டொஷுக்கு அது 2001 இல்தான் கிடைத்தது. 1986 இல் லாகூரில் எழுதப்பட்ட பிரெயின் என்ற வைரஸ் புளொப்பியின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்ற முடிந்ததற்கும், 1999 ஏப்ரல் 26 இல் சிஐஎச் வைரஸ் வன்தட்டை அழித்ததோடு கணினியைத் தொடக்கிவைக்கும் தாய்ப்பலகை மென்பொருளான பயோஸையே அழித்து ஆசிய நாடுகளில் பெருந்தொகைக் கணினிகளை முடக்கியதற்கும் இதுவே காரணம்: யார் எழுதுகிறார்கள் என்று பொறி கேட்கவில்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடுகள், கட்டளைகளை ஊகித்து முன்கூட்டியே நிறைவேற்றும் பிற்காலச் செயலிகளில் மட்டுமே உண்டு. உங்கள் 386 அவற்றுக்கு ஆட்படாது. ஆனால் இதை நம்பி எவரும் பழைய பொறியை இணையத்தில் இணைக்கக் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவே 2014 ஏப்ரல் 8 இல் நின்றுவிட்டது, இன்றைய இணையதளங்களின் மறைகுறியாக்கம் அதன் உலாவிக்குப் புரிவதுமில்லை.

மின்வெட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். 1996 இன் வறட்சிக் கால மின்வெட்டையும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டையும் கண்ட நாடு இது. பழைய மேசைக் கணினியில் மின் போன நொடியில் சேமிக்காத அனைத்தும் போய்விடும். சொந்தப் பற்றரியோடு இயங்கி, தானாகவே சேமித்துக்கொள்ளும் மடிக்கணினி இந்த ஊருக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நன்றியற்ற செயல்.

இப்போது தமிழ். 1956 இல் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்ட, ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. 1982 இல் வெளிவந்த தமது நாவலை அவர் ஆர்க்கைவ்ஸ் த்ரீ என்ற நுண்கணினியில் வேர்ட்ஸ்டார் மென்பொருளால் எழுதி, கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரேயொரு ஐந்து அங்குலத் தட்டில் அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க செய்மதி நிலையத்தின் வழியாகச் சென்றன. ஒரு முழு நாவலுக்கு அந்தச் சிறிய பொறி தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதே ஆண்டில், அதே பொறியில், தமிழில் எழுதும் ஒருவர் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க முடியாது. பழைய கணினிகளின் திறமையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் புகழுரைகளை நாங்கள் அப்படியே திருப்பிச் சொல்லும்போது இந்த உண்மை மறைந்துவிடுகிறது.

காரணம் பொறியின் அமைப்பிலேயே இருந்தது. ஐபிஎம் கணினியின் திரை அட்டையிலிருந்த ரொம் சில்லில் 256 எழுத்துருவங்கள் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே அகலம், நிறத்திரை அட்டையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் ‘ட’ அடங்கும், ‘ணை’ அடங்காது. ஸ்பெக்ட்ரமில் பயனர் தாமே வரைந்துகொள்ளக்கூடிய உருவங்கள் 21; எங்களுக்கோ உயிர் 12, அகரமேறிய மெய் 18, அவற்றுக்கு மேல் கொம்புகளும் கால்களும் விசிறிகளும். எழுத்துக்கெழுத்து அகலம் மாறும் வரைகலைத் திரை மக்கின்டொஷோடு வந்து, பின்னர் விண்டோஸ் 3.1 வழியாக மலிவான கணினிகளையும் எட்டிய பிறகே தமிழ் நிமிர்ந்து நின்றது. எங்கள் பகுதியில் பாமினி எழுத்துரு பரவியது இந்த வழியில்தான்: பரீட்சைத் தாள், கோயில் திருவிழா அறிவித்தல், இறந்தவருக்கான கல்வெட்டு, பாடசாலை மலர் எல்லாம் அதில் அச்சாயின. ஆனால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு. கணினியைப் பொறுத்தவரை ‘தமிழ்’ என்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அதுவே தெரியும், தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யுனிகோட் முறை 1991 இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், விண்டோஸ் தமிழை இயல்பாகக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000 உடன்தான். ஆகவே தமிழில் கணினியைப் பயன்படுத்தும் உரிமை என்ற அளவில் எங்களுடைய பொற்காலம் 1982 அல்ல. அது இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

அமிகா மேலான பொறியாக இருந்தும் ஏன் எங்கள் ஊருக்கு ஐபிஎம் வகைகளே வந்தன என்றும் கேட்டிருந்தீர்கள். ஐபிஎம் தன் கணினியை வெளியில் கிடைக்கும் உதிரிப்பாகங்களால் கட்டி, தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டதால், கொம்பக் போன்ற நிறுவனங்கள் பயோஸைப் பார்த்தெழுதாமல் புதிதாக எழுதி, சட்டச் சிக்கலின்றி இணக்கக் கணினிகளைச் செய்தன. ஒரு பாகம் பழுதானால் இன்னொரு நிறுவனத்தின் பாகம் பொருந்தும். அமிகாவின் பெருமைக்குக் காரணமான தனிச் சில்லுகளைக் கொமடோர் மட்டுமே தர முடிந்தது. 1994 ஏப்ரலில் அந்த நிறுவனம் வீழ்ந்தபோது பொறியும் அதோடு வீழ்ந்தது. உதிரிப்பாகம் கப்பலில் வரவேண்டிய ஊரில் எந்தப் பொறி நிலைக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் களஞ்சிய அறை. எதற்கும் உடனே மின் கொடுக்க வேண்டாம். கனடாவிலிருந்து வந்த கொமடோரின் மின்வழங்கி 120 வோல்ட்டுக்கானது. எங்கள் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே எரியும், எரியாவிட்டாலும் நான் முன்பு சொன்ன காரணத்துக்காக அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்யப்பட்ட மின்வழங்கி ஒன்றை வாங்குங்கள். அங்கே விற்ற கொமடோரின் படமும் வட அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில் வருவது, ஆகையால் இங்குள்ள பழைய தொலைக்காட்சியில் நிறம் வராமல் போகலாம். 386 களின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிறிய சிவப்பு ஆளி இருந்தால் அதைப் பாருங்கள். பற்றரியை வெட்டி எடுத்து, காரம் கசிந்த இடத்தை வினாகிரியால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் கழுவி உலரவிடுங்கள். பழைய வன்தட்டு சுழலாவிட்டால் சிறிய கொம்பக்ட் ஃபிளாஷ் அட்டையை அதற்குரிய இணைப்பியோடு பொருத்தலாம். 504 மெகாபைட்டுக்கு மேற்பட்ட அளவை அந்தக் காலத்துப் பயோஸ் சரியாகக் காணாது. பழைய திரைகளின் மூடியை நீங்களோ மாணவர்களோ திறக்கக் கூடாது, உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

வகுப்புக்கு இந்தப் பொறிகள் நாள்தோறும் ஓடவேண்டும் என்பதில்லை. கொமடோரைப் போலச் செய்யும் வைஸ், டொஸ் உலகத்தைத் தரும் டொஸ்பொக்ஸ் ஆகிய மென்பொருள்கள் இன்றைய மடிக்கணினியிலேயே இலவசமாக இயங்குகின்றன. ஒவ்வொரு மாணவரும் அதில் போக் கட்டளையைப் பழகட்டும். உண்மையான பொறியைத் திறந்து, செயலி எது, நினைவகம் எது என்று விரல் வைத்துக் காட்டுவதற்கு ஒரு கொமடோரும் ஒரு 386 உம் போதும். பென்டியம் 4 களின் வன்தட்டுகளைப் பிரதி செய்த பிறகு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் அவற்றை ஒப்படையுங்கள். கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது அந்தப் புளொப்பிப் பெட்டி. அதில் உங்கள் பாடசாலையின் மலர்களும் வினாத்தாள்களும் பாமினியில் இருக்கக்கூடும், அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சணம் உண்டா என்று பாருங்கள். பூஞ்சணம் பிடித்த தட்டு இயக்கியின் தலையையும் கெடுத்து, அடுத்த தட்டையும் கீறிவிடும். மூன்றரை அங்குலத் தட்டுகளை யுஎஸ்பி இயக்கியால் படிக்கலாம். ஐந்தேகால் அங்குலத் தட்டுகளுக்கு அப்படிப்பட்ட யுஎஸ்பி இயக்கி கடையில் கிடைக்காது, உங்கள் 386 களில் பொருத்தியிருக்கும் இயக்கிதான் அருகிலுள்ள ஒரே வழி. அதனால் கடைசித் தட்டைப் படித்து முடிக்கும்வரை அந்த இரண்டு 386 களில் எதையும் அறையைவிட்டு வெளியே அனுப்ப வேண்டாம்.